கணக்கு நோட்டு யார் கையில்?

(2024 டிசம்பரில் முண்டியம்பாக்கத்தில் நண்பர்கள் ஏற்பாடு செய்த திரைப்பட உரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

இந்தக் கூட்டம் டிசம்பர் 6, அண்ணல் நினைவு நாளன்று நடந்திருக்க வேண்டியது. ஃபெஞ்சல் புயல் வந்து தள்ளிப்போட்டுவிட்டது. பக்கத்தில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. நம் தெருக்களில் இன்னும் பாயும் புத்தகமும் காய்ந்துகொண்டுதான் இருக்கின்றன. "இந்த நேரத்துல சினிமா பேச்சு கேக்குதாடி உங்களுக்கு?" என்று நேற்று எங்கள் தெரு அத்தை ஒருவர் கேட்டார். கேட்டுவிட்டு அவரே மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். வாங்க அத்தை.

நான் திரைப்பட விமர்சகர் அல்ல. என் முனைவர் பட்ட ஆய்வு ஊராட்சிகளைப் பற்றியது. தனித்தொகுதியில் வென்று வந்த தலைவர்கள் அந்த நாற்காலியில் எப்படி ஐந்து ஆண்டைக் கழிக்கிறார்கள் என்பதைத்தான் நான்கு வருடமாகப் பின்தொடர்கிறேன். சினிமாவைப் பொறுத்தவரை டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஆள், அவ்வளவுதான். ஆனால் இந்த ஆண்டு ஆகஸ்ட் 15இல் 'தங்கலான்', 23இல் 'வாழை', செப்டம்பர் 20இல் ஒரே நாளில் 'லப்பர் பந்து'வும் 'நந்தனும்' என்று ஐந்து வாரத்தில் நான்கு படங்கள் வந்தன. நான்கும் சாதியைப் பற்றிப் பேசுகிற படங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இப்படி ஒரு பருவம் முன்பு வாய்த்ததில்லை. அதனால் கொஞ்சம் வாய் திறக்கலாம் என்று நினைக்கிறேன்.

"ஏன் எப்பப் பாத்தாலும் சாதிப் படமே எடுக்கிறாங்க?" என்று கேட்பவர்களுக்கு நேரம் ஒதுக்கப் போவதில்லை. 'சின்னக்கவுண்டர்', 'தேவர்மகன்', 'நாட்டாமை' எல்லாம் வந்தபோது அவை குடும்பப் படங்களாக இருந்தன, நாம் பேச ஆரம்பித்ததும் சாதிப் படமாகிவிட்டது. இதை நூறு பேர் சொல்லியாயிற்று. மேலே போகலாம்.

'வாழை'யிலிருந்து தொடங்குகிறேன். மாரி செல்வராஜ் தன் சிறுவயது வாழ்க்கையிலிருந்து எடுத்த படம். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் வாழைத்தார் சுமக்கப் போகும் சிவனணைந்தான் என்கிற பையன், அவன் அம்மா, அக்கா, தாருக்கு ஒரு ரூபாய் கூலியைக் கூட்டிக் கேட்கும் தொழிலாளர்கள், கடைசியில் தாரோடு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கவிழ்கிற லாரி. பலருக்கும் அந்த டீச்சர் வரும் பகுதி நீளம் என்று குறை. எனக்கு அதுதான் பிடித்தது. நம் பிள்ளைகளைத் திரையில் காட்டினாலே அடி வாங்குவதற்கும் அழுவதற்கும் மட்டும்தான் காட்டுவார்கள். இங்கே ஒரு பையன் கர்ச்சீப்பை மோந்து பார்த்துக்கொண்டு, ரஜினியா கமலா என்று நண்பனோடு சண்டை போட்டுக்கொண்டு, மகிழ்ச்சியாகத் திரிகிறான். அவன் சிரிப்பை நாம் அவ்வளவு நேரம் பார்த்ததால்தான் கழுத்தில் ஏறும் தாரின் பாரம் நமக்கும் ஏறுகிறது.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அம்மா இருபது வருடத்துக்கு மேல் கரும்பு வெட்டியவர். இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம், ஆனால் இணையத்தில் படிக்கப்போகும் வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்கிறேன். கரும்பு வெட்டு என்பது அரிவாளால் வெட்டிப் போடுவதோடு முடிவதில்லை. அடியோடு ஒட்ட வெட்ட வேண்டும், சோகை உரிக்க வேண்டும், கொழுந்தாடையைக் கழிக்க வேண்டும், கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து, பலகை வைத்து டிராக்டர் மேல் ஏறி அடுக்க வேண்டும். சோகை கண்ணைக் குத்தும், கையை அறுக்கும். கூலி டன் கணக்கில். அரங்கில் கடைசி இருபது நிமிடம் எல்லோரும் அழுதார்கள். எனக்கு முன்வரிசையில் ஒரு ஆள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அம்மா அழவில்லை. வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது கேட்டார்: "தாருக்கு ஒரு ரூபான்னு சொல்றானே, எத்தன தாருன்னு யாருடி எண்ணுனா? நோட்டு யாரு கையில இருந்துச்சு?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அம்மாவே தொடர்ந்தார். வெட்டுகிற ஆள் ஒரு நாளும் எடைச் சீட்டைப் பார்த்ததில்லை என்றார். வண்டி போகும், எடை போடுவார்கள், சீட்டு மேஸ்திரி சட்டைப் பையில் இருக்கும். இத்தனை டன் என்று அவர் வாயால் சொல்வதுதான் கணக்கு. அதில் முன்பணத்துக்குக் கழித்து, சாப்பாட்டுக்குக் கழித்து, மிச்சம். "நான் எழுதப் படிக்கத் தெரியாதவளா இருந்தேன், அதனால எடைச் சீட்டு காட்டலன்னு நெனச்சேன். உங்க சித்தி பத்தாவது படிச்சவ, அவளுக்கும் காட்டல."

'வாழை' மோசமான படம் என்று நான் சொல்ல வரவில்லை, இந்த ஆண்டின் சிறந்த படம் அதுதான். ஆனால் அம்மாவின் கேள்வியை எந்த விமர்சனத்திலும் நான் படிக்கவில்லை. கவிழ்ந்த லாரியைப் பார்த்து அழுவது எல்லோராலும் முடிகிறது. எடைச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்திருப்பவரும் அழலாம், அரங்கில் அவரும் இருந்திருக்கலாம். விபத்தில் யாருக்கும் தனிப்பட்ட பொறுப்பு இல்லை பாருங்கள். நோட்டைக் காட்டு என்று கேட்கிற காட்சி வந்தால்தான் இருக்கையில் நெளிவார்.

அடுத்தது 'நந்தன்'. இது என் பிழைப்பைப் பற்றிய படம் என்பதால் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரா. சரவணன் இயக்கியது. வழிவழியாகப் போட்டியின்றித் தலைவராகிற ஆதிக்கக் குடும்பம். அந்த ஊராட்சி தனித்தொகுதி ஆகிவிடுகிறது. தன்னிடம் விசுவாசமாக இருக்கிற கூழ்ப்பானை என்பவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஆட்சியைத் தானே நடத்தப் பார்க்கிறார் கொப்புலிங்கம். கூழ்ப்பானையாக சசிகுமார், கொப்புலிங்கமாக பாலாஜி சக்திவேல். படம் முடியும்போது உண்மையான ஊராட்சித் தலைவர்கள் திரையில் வந்து தாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறார்கள்.

நல்ல விசயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு பொருளை எடுத்ததே பெரிது. 1992ஆம் ஆண்டின் 73வது அரசியல் சட்டத் திருத்தம், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் என்று பாடப் புத்தகத்தில் படிப்பதற்கும், 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு பலரும் வெட்டிக் கொல்லப்பட்டதற்கும் நடுவில் இருக்கிற தூரத்தை எத்தனை பேர் அறிவார்கள்? இன்னொன்று, பாலாஜி சக்திவேலின் நடிப்பு. மீசை முறுக்காமல், பாசமாகப் பேசிக்கொண்டே அடிமைப்படுத்துகிற அந்தக் குரல் எனக்கு நன்றாகப் பழக்கமான குரல். களப்பணிக்குப் போனால் முதலில் காபி கொடுப்பதும் அந்தக் குரல்தான்.

எனக்கு இடிப்பது கூழ்ப்பானை. கறுப்புச் சாயம் பூசி, பல்லைக் கறையாக்கி, எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டு, தன் மேல் நடப்பது என்னவென்றே தெரியாத வெகுளியாக அவரை வைத்திருக்கிறார்கள். கொப்புலிங்கம் சொன்னால் எதையும் செய்வார். படத்தின் பெரும்பகுதிக்கு அவர் இப்படியேதான் இருக்கிறார்.

என் ஆய்வில் பேசிய தலைவர் ஒருவர் இருக்கிறார். நம் மாவட்டம்தான், ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன். அவருக்கு இந்தப் படத்தை என் மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். அரை மணி நேரம் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னார். "இந்த ஆளு நெசமாவே வெவரம் தெரியாமத்தான் சிரிக்கிறாரா?" என்று கேட்டார். படத்தில் அப்படித்தான் என்றேன். "நானும் மூணு வருசமா சிரிச்சிக்கிட்டுதான் இருக்கேன் பாப்பா. வெவரம் தெரிஞ்சிதான் சிரிக்கிறேன்."

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அலுவலகத்துக்குத் தனியாகப் போக மாட்டார், துணைத் தலைவர் வந்த பிறகுதான் போவார். ஏதாவது முடிவெடுக்க வேண்டுமானால் "நீங்களே சொல்லுங்கண்ணே" என்று துணைத் தலைவரிடம் ஆரம்பிப்பார். காலனிக்குத் தெருவிளக்கு வேண்டும் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. ஊர்த் தெருவில் கோயில் பக்கம் இருட்டாக இருக்கிறதே என்று ஆறு மாதம் கவலைப்பட்டார். அங்கே விளக்கு வந்தது. மீதமிருந்த கம்பங்கள் காலனிக்கு வந்தன. இவரை வெகுளி என்று அந்த ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி நினைக்க வைப்பதற்கு அவர் படுகிற பாடு இருக்கிறதே, அதுதான் ஐயா படம்.

அந்தத் துணைத் தலைவர் பதவியைப் பற்றி ஒரு வார்த்தை. தலைவர் பதவிக்குத்தான் இடஒதுக்கீடு. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள், அதற்கு இடஒதுக்கீடு கிடையாது. ஆனால் ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். காசோலையாக இருந்தாலும் இணையவழியாக இருந்தாலும் இதேதான். நாற்காலி நமக்கு, பேனா பாதி அவருக்கு. குழாய் போட்ட கான்ட்ராக்டருக்குப் பணம் கொடுக்க வேண்டுமென்றால் துணைத் தலைவர் ஊருக்குப் போய்விடுவார், உடம்புக்கு முடியாது, கண்ணாடி உடைந்துவிடும். யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை, அடிக்க வேண்டியதில்லை. மூன்று மாதம் கையெழுத்துப் போடாமல் இருந்தால் "அந்தத் தலைவரால ஒன்னும் ஆவல" என்று காலனிக்காரர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஒரு புகைப்படம் வெளியே வந்தது, நினைவிருக்கும். ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலித் பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவரைத் தரையில் உட்கார வைத்ததாக வழக்குப் பதிவானது துணைத் தலைவர் மீது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை, சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் வந்து ஏற்ற வைத்தார். இரண்டிலும் பெண்கள் என்பதைக் கவனித்தீர்களா? தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. நான் பேசிய தலைவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். 'நந்தன்' ஏன் ஒரு ஆணின் கதையாக இருக்கிறது? கூழ்ப்பானையின் மனைவி செல்வியைத் தலைவராக்கியிருந்தால் கதை வேறு மாதிரி சிக்கலாகியிருக்கும். ஒரு பக்கம் கொப்புலிங்கம், இன்னொரு பக்கம் "தலைவர் வீட்டுக்காரர்" என்று நெம்பர் பிளேட்டில் எழுதிக்கொண்டு திரியும் சொந்தப் புருசன். இதைச் சொன்னால் நம் தோழர்கள் சிலருக்கே கோபம் வரும். வரட்டும்.

காலில் விழுகிற காட்சிகளைப் பற்றியும் இப்போது பேசியாக வேண்டும். 2021 மே மாதம், திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒட்டனந்தலில், ஊரடங்கு நேரத்தில் அனுமதியில்லாமல் திருவிழா நடத்தினார்கள் என்று சொல்லி, மூன்று தலித் பெரியவர்களைப் பஞ்சாயத்தில் எல்லோர் காலிலும் விழ வைத்தார்கள். செல்போனில் எடுத்த அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் ஒரு முறைதான் பார்த்தேன். அதில் எனக்கு நிலைத்தது விழுந்த பெரியவர்களின் முகம் அல்ல, விழும்போது பழக்கத்தில் வேட்டியைச் சரிசெய்துகொண்ட கை. சினிமாவில் இந்தக் காட்சி வந்தால் இசை வரும், மெதுவாக ஓடும், விழுகிறவர் முகத்தை நெருக்கத்தில் காட்டுவார்கள். எனக்கு எதிர்ப்பக்கத்தைக் காட்ட வேண்டும். காலை நீட்டிக்கொண்டு நின்றவர் அன்று வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டார்? மனைவியிடம் என்ன சொன்னார்? அடுத்த வாரம் அதே பெரியவரைக் களை வெட்டக் கூப்பிட யாரை அனுப்பினார்?

இந்த விசயத்தில் 'லப்பர் பந்து' கெட்டிக்காரப் படம். தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம். கொலை இல்லை, கொளுத்துதல் இல்லை, காலில் விழுதல் இல்லை. நன்றாக விளையாடுகிற அன்புவை ஊர் அணியில் சேர்க்க மாட்டார்கள், அவ்வளவுதான். அரங்கம் முழுக்கச் சிரித்துக்கொண்டே பார்த்தது. விஜயகாந்த் பாட்டுக்குக் 'கெத்து' தினேஷ் மட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்து வரும்போது என் பக்கத்தில் இருந்த பையன் இருக்கை மேல் ஏறி நின்றான். அதே பையன், அன்புவை ஏன் சேர்க்கவில்லை என்பது புரிகிற இடத்தில் அமைதியாக உட்கார்ந்தான். அவன் எந்தத் தெருப் பையன் என்று எனக்குத் தெரியாது. எந்தத் தெருவாக இருந்தாலும் அவன் விளையாடியிருப்பான், யாரையோ சேர்த்திருப்பான் அல்லது சேர்க்காமல் விட்டிருப்பான். தனக்குத் தெரிந்த விளையாட்டு என்பதால் தப்பிக்க முடியவில்லை.

என் தம்பி நன்றாகப் பந்து போடுவான். வெளியூர்ப் போட்டி என்றால் ஊர் டீமே வண்டி எடுத்துக்கொண்டு காலனி முனைக்கு வந்து நிற்கும். முன்னாடி உட்காரு என்பார்கள், பரோட்டா வாங்கித் தருவார்கள். பொங்கலுக்கு நடக்கும் உள்ளூர்ப் போட்டியில் மட்டும் அவன் காலனி டீம். வெளியூரில் வாங்கி வந்த கோப்பைகள் எல்லாம் ஊர்த் தெரு மன்றத்தில் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. அவன் அவற்றைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான்.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது யசோதை. புருசன் வேலை வெட்டி விட்டுவிட்டு விளையாடப் போகிறான் என்று டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து ஆடுகளத்தையே உழுதுபோடுகிறாள். கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி. குறை என்று சொன்னால், சாதியை எல்லாம் நல்ல மனசு வந்தால் தீர்ந்துவிடும் என்கிற மாதிரி படம் நம்மைச் சமாதானப்படுத்தி அனுப்புகிறது. இருந்தாலும் நான்கு படங்களில் நம் ஊர்ப் பையன்கள் அதிகம் பார்த்தது இதுதான், இதைப் பற்றித்தான் டீக்கடையில் இரண்டு தெருவும் ஒன்றாகப் பேசின.

'தங்கலானை' இரண்டு முறை பார்த்தேன். இரண்டாம் பாதி எனக்கு இரண்டு முறையும் சத்தமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் பா. இரஞ்சித் செய்திருப்பது வேறு யாரும் செய்யாதது. 1850களில் வட ஆர்க்காட்டு வேப்பூரில் நமக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருந்தது, அதில் நெல் விளைந்தது, அதைக் கொளுத்தி, பட்டாவைப் பிடுங்கி, பண்ணையடிமை ஆக்கினார்கள் என்று கதையைத் தொடங்குகிறார். நாம் எப்போதும் நிலமில்லாதவர்களாகவே பிறந்தோம் என்று பாடப் புத்தகமும் சினிமாவும் சொல்லிக்கொண்டிருக்கும்போது இது சிறிய விசயம் அல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையையும் அதன் பிறகு வந்த பஞ்சமி நிலங்களையும் 1994இல் காரணையில் அந்த நிலத்துக்காக உயிர்விட்ட ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் தெரிந்தவர்களுக்கு அந்தப் பட்டா காட்சி வேறு மாதிரி உறைக்கும்.

அப்புறம் அந்த ரவிக்கைப் பாட்டு. சம்பாதித்து வந்த ஆண்கள் பெண்களுக்கு ரவிக்கை வாங்கி வருகிறார்கள், பெண்கள் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். என் ஆயா சாகும்வரை ரவிக்கை போடவில்லை. எங்களுக்குச் சின்ன வயதில் அது வெட்கமாக இருந்தது, வெளியாள் வந்தால் உள்ளே போகச் சொல்வோம். திரையில் பார்வதி அந்த ரவிக்கையைத் தொட்டுப் பார்த்துச் சிரிப்பதில் இரக்கம் கேட்கிற தொனி துளியும் இல்லை. இரஞ்சித்தை ஆயிரம் குறை சொல்லலாம், இந்த ஒரு விசயத்தில் அவரிடம் மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

நண்பர்கள் சிலர் 1978ஐப் படமாக எடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்த ஆண்டு ஜூலையில் விழுப்புரம் நகரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. எடுப்பவர் பன்னிரண்டு உடல்களைத்தான் எடுப்பார். அந்தக் கலவரம் கடைத்தெருவில் தொடங்கியது. மூட்டை தூக்கியவர் யார், வண்டி இழுத்தவர் யார், கடை யாருடையது, நம் ஆட்கள் நாலு காசு பார்த்து நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தது யார் கண்ணை உறுத்தியது என்று எடுப்பவர் வந்தால் நானே கூடப் போய்த் தகவல் திரட்டித் தருகிறேன். 'ஜெய்பீம்' வந்தபோதும் இதே பேச்சு எனக்குள் ஓடியது. சிறை வாசலில் சாதி கேட்டுப் பிரித்து நிறுத்தும் அந்த முதல் காட்சிக்கு நிகராகத் தமிழில் வேறு காட்சி எனக்குத் தோன்றவில்லை. ஆனால் படம் போகப் போக வழக்கறிஞரின் படமாகிவிட்டது. இங்கே திண்டிவனத்தில் பேராசிரியர் கல்யாணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல பத்தாண்டுகளாகச் சாதிச் சான்றிதழுக்கும் பொய் வழக்குக்கும் அலைந்த அலைச்சல் இருக்கிறதே, அதில் நீதிமன்ற வசனம் கிடையாது, வட்டாட்சியர் அலுவலக மர நிழல்தான் உண்டு. மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலும் அப்படித்தான். 2023இல் சீல் வைத்தார்கள், இந்த ஆண்டு மார்ச்சில் நீதிமன்ற உத்தரவின் பேரில் பூசைக்கு மட்டும் திறந்தார்கள். பூசாரி போகிறார், வருகிறார். படமெடுக்க அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று சிலருக்குத் தோன்றும்.

அக்டோபர் 27இல் விக்கிரவாண்டி வி.சாலையில் நடிகர் விஜய் கட்சி மாநாடு நடந்தபோது நம் தெருப் பையன்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். திடலில் அண்ணல் கட்அவுட்டும் இருந்தது, அதோடு நின்று படம் எடுத்து அனுப்பினார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை. அந்தப் பையன்களில் இரண்டு பேர் இன்று நாற்காலி போட்டார்கள், இந்த மைக்கும் அவர்கள் கட்டியது.

கடைசியாக ஒரு வேலை. பொங்கல் முடிந்ததும் 'நந்தனை' நம் சுற்றுவட்டாரத் தலைவர்கள் ஏழெட்டு பேரோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம். திரை ஒருவர் தருகிறார், புரொஜெக்டர் வேண்டும். நம் மாவட்டத்தில் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில், அதனால் அவர்களுக்கு இன்னும் இரண்டு வருடம் பதவி இருக்கிறது, பார்த்துவிட்டுப் பேசுவதற்குப் பயன் உண்டு. துணைத் தலைவர்களையும் கூப்பிடலாமா என்பதில்தான் நண்பர்களுக்குள் சண்டை. கூப்பிட்டால் தலைவர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்கிறார் ஒருவர். நான் கூப்பிட வேண்டும் என்கிறேன். நான் சொன்ன அந்தத் தலைவரிடமும் கேட்டேன். "கூப்புடு. ஆனா அவங்கள முன்வரிசையில ஒக்கார வை, நாங்க பின்னாடி ஒக்காந்துக்குறோம். படம் பாக்குறப்ப அவங்க முதுகப் பாக்கணும்" என்றார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று இப்போது சொல்லுங்கள். அத்தை, நீங்களே ஆரம்பியுங்கள்.